லியோபோல்ட் கஃபே, கொலாபா, மும்பை: சாப்பாடு, சுவத்துல குண்டு ஓட்டை, ஒரு கேள்வி

போன மாசம் நாலு நாள் மும்பைல இருந்தோம், நானும் வீட்டுக்காரியும். தங்கினது செம்பூர்ல சித்தப்பா வீட்ல. சித்தப்பா திருநெல்வேலிலேர்ந்து சின்ன வயசுலயே வந்தவர், ஃபோர்ட் பக்கம் ஆபீஸ், ரிட்டயர் ஆகுற வரைக்கும் தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின் புடிச்சு சிஎஸ்டி ஸ்டேஷன்ல எறங்கி நடந்து போவார், சாயங்காலம் அதே வழில திரும்பி வருவார். நாங்க கொலாபா போறோம்னு சொன்னதும் ஒன்னே ஒன்னுதான் சொன்னார், "ஏலே, தாஜ் ஓட்டலப் பாக்கதுக்கு முந்தி ஸ்டேசன நின்னு பாத்துட்டுப் போ, எல்லாரும் அத வழியாத்தான் வச்சிருக்கானுவ". அப்போ புரியல. ராத்திரி திரும்பி வரும்போதுதான் புரிஞ்சுது.

சாப்பாட்ட முதல்ல சொல்லிடுறேன். லியோபோல்ட் கொலாபா காஸ்வேலயே இருக்கு, தேடவே வேண்டாம். 1871ல ஈரானிங்க ஆரம்பிச்ச கடை. உள்ள போனா உயரமான சீலிங், மேல ஃபேன் சுத்துது, டேபிள் எல்லாம் நெருக்கி நெருக்கி போட்டிருக்கு, பக்கத்து டேபிள்ல என்ன பேசுறாங்கனு நமக்கு கேக்கும் நாம பேசுறது அவங்களுக்கும் கேக்கும். மெனு ரொம்ப நீளம், சைனீஸ் இருக்கு, தந்தூரி இருக்கு, வெள்ளக்காரங்க சாப்பிடுற ஐட்டமும் இருக்கு. நாங்க சில்லி சிக்கன், வெஜ் ஃபிரைட் ரைஸ், ஃபிரஷ் லைம் சோடா சொன்னோம். சில்லி சிக்கன் நம்ம ஊர் மாதிரி செவப்பு கலர் அள்ளிப்போட்டது இல்ல, சோயா வாசனையோட பச்ச மொளகா காரம், சுடச்சுட வந்துச்சு, எனக்கு ரொம்ப புடிச்சுது. லைம் சோடா ரெண்டு தடவ வாங்கினோம், வெளில அடிச்ச வெயிலுக்கு அது அமிர்தம். சர்வீஸ் வேகம். விலை கொலாபால சாப்பிட்டா என்ன ஆகுமோ அதான். பீர் குடிக்கிறவங்க கூட்டம் சாயங்காலம் ஜாஸ்தி, குடும்பத்தோட போறவங்க மதியமே போயிடுங்க.

நான் உக்காந்த எடத்துலேர்ந்து ரோடு அப்படியே தெரியுது. முகப்பு முழுக்க தொறந்தே கெடக்கு, வாசல்னு தனியா ஒன்னு இருக்க மாதிரியே தெரியல, நடைபாதைல பாசிமணி விக்கிறவரும் நாம சாப்பிடுற டேபிளும் நாலு எட்டு தூரம். 2008 நவம்பர் 26, 26/11னு சொல்றாங்களே, பத்து தீவிரவாதிங்க மும்பைல பல எடத்துல தாக்கின அந்த ராத்திரி, ஒன்பதரை மணி வாக்குல அவங்கள்ல ரெண்டு பேர் இந்த வழியாத்தான் கையெறி குண்ட வீசிட்டு சுட்டுக்கிட்டே வந்தாங்க. ஒரு சில நிமிஷம்தான். 10 பேர் வரைக்கும் செத்துட்டாங்க, அதுல இங்க வேல பாத்தவங்களும் உண்டு. சுட்டு முடிச்சவங்க பின்னாடி சந்து வழியா நடந்தே தாஜுக்கு போயிட்டாங்க, அவ்ளோ பக்கம். அந்த ஓட்டைங்கள கடைக்காரங்க அடைக்கல. சுவத்துல இருக்கு, கண்ணாடில இருக்கு. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கும்போதே ரெண்டு மூணு பேர் வந்து ஓட்டைல வெரல வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அத பாக்க மனசு கேக்கல, ஆனா அவங்க மேல கோவமும் வரல, தொட்டு பாக்காம நம்ப முடியாதுன்னு மனுஷனுக்கு தோணும்ல.

நாங்க லியோபோல்ட் போன அன்னைக்கு காலைல ஒரு வாக்கிங் டூர் காசு கட்டி போயிருந்தோம். எந்த கம்பெனினு சொல்ல விரும்பல. அந்த பையன் இந்த ஓட்டைய காட்டி போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு கெளம்பிட்டான், என் வீட்டுக்காரி விடாம கேட்டா, ஏன்பா இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு ஓட்டல்ல சாப்பிட்டுட்டு இருக்கவங்கள ஏன் சுடணும்னு. "ஃபேமஸ் பிளேஸ் மேடம்"னு ஒரே பதில், அடுத்த எடத்துக்கு நடக்க ஆரம்பிச்சிட்டான். 26/11 டூர்னு பேர் வச்சு காசு வாங்கிட்டு சிஎஸ்டிக்கு கூட்டிட்டு போகல, நரிமன் ஹவுஸ் பேரையே எடுக்கல, அங்கயும்தான் அன்னைக்கு தாக்கினாங்க. ரெண்டு ஸ்டார் கூட குடுக்க மாட்டேன். ஆனா அவ கேட்ட கேள்வி என்ன விடல, லியோபோல்ட்ல உக்காந்து நாங்க ரெண்டு பேரும் பேசினது முழுக்க அதான், அதனால அதையும் இந்த ரிவ்யூலயே எழுதிடுறேன்.

ஃபேமஸ்ங்கிறது பதிலே இல்ல. சரி தாஜ் ஃபேமஸ், ஒத்துக்குறேன். 1903ல ஜம்செட்ஜி டாடா தொறந்தது, கேட்வே ஆஃப் இந்தியாவ விட மூத்தது, கேட்வே முடிஞ்சதே 1924ல. கடல்லேர்ந்து வர்றவங்க கண்ணுக்கு மொதல்ல பட்டது அந்த டோம்தான், பம்பாய்னு ஒரு போஸ்ட்கார்டு அடிச்சா டோமும் கேட்வேயும் ஒன்னா இருக்கும். ஆனா நரிமன் ஹவுஸ்? அதே கொலாபால ஒரு சந்துக்குள்ள இருக்க கட்டடம், யூதர்களோட பிரார்த்தனை இடம், வெளிநாட்லேர்ந்து வர்ற யூதங்க தங்குற எடம். அங்க இருந்த யூத மதகுரு ரப்பியையும் அவர் மனைவியையும் கொன்னாங்க, அவங்களோட ரெண்டு வயசு கொழந்தைய அங்க வேல பாத்த ஆயாம்மா தூக்கிட்டு வெளிய ஓடி வந்து காப்பாத்தினாங்க. பம்பாய்க்காரங்கள்லயே முக்கால்வாசி பேருக்கு அப்படி ஒரு வீடு இருக்குன்னு அன்னைக்கு டிவி பாத்துதான் தெரியும். சித்தப்பாவே அப்படித்தான் சொன்னார், தினமும் அதுக்கு ரெண்டு மைல் தள்ளி வேல பாத்தவர். அப்போ ஃபேமஸ்னா யாருக்கு ஃபேமஸ்? அந்த பத்து தீவிரவாதிங்கள அனுப்பினவன் மும்பை ஜனங்க பாக்கணும்னு மட்டும் நெனைக்கல. இஸ்ரேல்ல பாக்கணும், அமெரிக்கால பாக்கணும், அவனுக்கு பணமும் ஆளும் தர்றவன் பாக்கணும். ஒவ்வொரு எடத்தையும் ஒவ்வொரு கண்ணுக்காக எடுத்திருக்கான். தாஜும் ஓபராய் டிரைடென்ட் ஓட்டலும் பணக்கார இந்தியா, பிஸினஸ் பண்ண வர்ற வெளிநாட்டுக்காரன். நரிமன் ஹவுஸ் யூதர்கள். லியோபோல்ட் முதுகுல பை மாட்டிட்டு வர்ற டூரிஸ்ட்டுங்க எப்பவும் உக்காந்திருக்க எடம்.

இத யூகமா சொல்லல. டேவிட் ஹெட்லினு ஒருத்தன், தாவூத் கிலானிங்கிற பேர மாத்தி வச்சுக்கிட்ட அமெரிக்கன், 2006லேர்ந்து திரும்பத் திரும்ப மும்பை வந்து இத செஞ்ச பாகிஸ்தான் தீவிரவாத அமைப்பு லஷ்கர் இ தொய்பாவுக்காக வேவு பாத்தான். வீசா வாங்கித் தர்ற ஆபீஸ்னு ஒரு பேர் வச்சுக்கிட்டு தாஜ்லயே தங்கினான், உள்ள வெளிய வீடியோ எடுத்தான், படகுல ரவுண்டு போயி எங்க எறங்கலாம்னு பாத்தான். அமெரிக்க கோர்ட் 2013ல 35 வருஷம் குடுத்துச்சு. என் வீட்டுக்காரி இதுல ஒரு விஷயத்த புடிச்சா, நான் அந்த கோணத்துல யோசிச்சதே இல்ல. கேமராவ தூக்கிட்டு ஒரு போலீஸ் ஸ்டேஷன் முன்னாடியோ மிலிட்டரி கேம்ப் முன்னாடியோ நின்னா ஒருத்தராவது யார் நீனு கேப்பாங்க. கேட்வே முன்னாடி கேமரா இல்லாம நின்னாதான் ஆச்சரியம். படகு சவாரிக்கு டிக்கெட் விக்கிறாங்க, ஓட்டல்ல வாசல்ல நின்னு கும்புடு போட்டு உள்ள கூப்பிடுறாங்க. எல்லாரும் வந்து பாக்கணும்னு கட்டின எடம் அது, பாக்க வர்றவன சந்தேகப்படாம இருக்கறதுதான் அதோட தொழிலே. 2001 டிசம்பர் 13ல பார்லிமெண்ட் வளாகத்துக்குள்ள சுட வந்தவங்கள கட்டடத்துக்கு வெளியவே சுட்டு வீழ்த்தினாங்க, உயிர குடுத்து தடுத்தாங்க. ஓட்டலுக்கு அப்படி யாரு காவல்?

இன்னொன்னு, நேரம். லியோபோல்ட்ல சில நிமிஷம், தாஜ்ல 29ந்தேதி காலைல வரைக்கும், கிட்டத்தட்ட 60 மணி நேரம். அந்த பசங்க போன்ல பாகிஸ்தான்ல இருக்கவங்ககிட்ட பேசிட்டே இருந்தாங்க, அந்த பேச்சு எல்லாம் ஒட்டுக்கேட்டு பதிவாயிருக்கு. உள்ள போன பசங்க பெரிய பெரிய கம்ப்யூட்டர் ஸ்கிரீன், லைட்டு எல்லாம் பாத்து வாயப் பொளந்து சொல்லிட்டு இருக்காங்க, அந்தப்பக்கம் இருக்கவன் இன்னும் தீ வைக்கலயா, தீ வைங்கனு திரும்பத் திரும்ப சொல்றான். ஏன்னா அவன் டிவி முன்னாடி உக்காந்திருக்கான். அவனுக்கு வேண்டியது டோமுக்கு பக்கத்துல புகை. சுட்டா உள்ள இருக்கவனுக்குத்தான் தெரியும், எரிஞ்சா ஊருக்கே தெரியும், டோம் எரிஞ்சா கீழ எந்த ஊர்னு எழுத்து போட வேண்டிய அவசியமே இல்ல. 2012ல, அந்த பத்து பேர்ல உயிரோட புடிபட்ட கசாப்போட வழக்குல தீர்ப்பு சொல்லும்போது சுப்ரீம் கோர்ட் டிவி சேனலுங்கள கடுமையா கண்டிச்சுது, கமாண்டோ எங்க எறங்குறாங்கனு நேரலைல காட்டினது அந்தப்பக்கம் இருந்தவனுக்கு வழிகாட்டினதா ஆயிடுச்சுனு. நானும் அந்த மூணு நாள் டிவி முன்னாடியே கெடந்தேன். அப்போ எனக்கு காலேஜ் செமஸ்டர், படிக்காம பாத்துட்டே இருந்தேன். எரியற டோம் மட்டும்தான் இன்னைக்கும் கண்ணுல நிக்குது. சிஎஸ்டி நியாபகம் இருக்கானு கேட்டா, துப்பாக்கியோட ஒருத்தன் நடந்து வர்ற அந்த ஒரு போட்டோ, அவ்ளோதான்.

இது புதுசும் இல்ல. 1993 பிப்ரவரி 26 நியூயார்க் வேர்ல்ட் டிரேட் சென்டர் அடித்தளத்துல வேன்ல குண்டு, 6 பேர் செத்தாங்க, டவர் விழல. ரெண்டு வாரம் கழிச்சு மார்ச் 12 பம்பாய்ல வரிசையா குண்டு, 257 பேர், அதுல ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடமும் நரிமன் பாயிண்ட் ஏர் இந்தியா கட்டடமும் இருந்துச்சு. ரெண்டும் வேற வேற கூட்டம், ஆனா ரெண்டு பேர் கண்ணுலயும் பட்டது பணத்தோட உயரமான அடையாளம். நியூயார்க்ல எட்டு வருஷம் கழிச்சு அதே டவருக்கு திரும்ப வந்தாங்க, விழற வரைக்கும் விடல. மும்பைக்கும் திரும்பத் திரும்ப வந்தாங்க, 2003 ஆகஸ்ட் 25ல தாஜுக்கு நேர் எதிர்ல கேட்வே பக்கத்துலயே டாக்ஸில குண்டு வெடிச்சுது. நம்ம மொழி பேசுறவங்களுக்கு இது ரெண்டு பக்கமும் தெரிஞ்ச வலி. 1981ல யாழ்ப்பாண நூலகத்த எரிச்சப்போ கிட்டத்தட்ட 97,000 புத்தகம் போச்சு, எரிச்சவனுக்கு புத்தகத்து மேல என்ன பகை, அந்த ஊர் எத நெனச்சு பெருமப்பட்டுச்சோ அத எரிச்சான். 1998 ஜனவரில புலிகள் கண்டி தலதா மாளிகை வாசல்ல லாரி குண்டு வெடிச்சதும் இன்னொரு ஜனம் நெஞ்சுல வச்சு கும்புடுற எடம்னு தெரிஞ்சேதான். செத்தது கும்புட வந்தவங்க. ஒன்ன மட்டும் சொல்லிட்டு இன்னொன்ன விட எனக்கு மனசு வரல.

சரி சாப்பிட்டு முடிச்சு தாஜுக்கு நடந்தோம். இப்போ வாசல்ல ஸ்கேனர், மெட்டல் டிடெக்டர் எல்லாம் உண்டு, பையை போட்டு எடுத்துக்கிட்டு போனா யாரும் நம்ம உடுப்ப பாத்து மொறைக்கல, நல்லா பேசினாங்க. ஸீ லவுஞ்ச்ல டீயும் சேவ் பூரியும் சாப்பிட்டோம், ஜன்னல் பக்கம் எடம் கெடைச்சுது, கேட்வே, படகுங்க, வெயில்ல மின்னுற தண்ணி. விலை அதிகம்தான், ஆனா அந்த ஜன்னலுக்காக ஒரு தடவ குடுக்கலாம். தாஜ் லியோபோல்ட்டுக்கு நேர் எதிரா செஞ்சிருக்காங்க, ஒரு கீறல் கூட தெரியாத மாதிரி எல்லாத்தையும் பழையபடி கொண்டுவந்துட்டாங்க. டவர் பக்கத்த 2008 டிசம்பர்லயே தொறந்துட்டாங்க, ஒரு மாசம் கூட ஆகல, எரிஞ்ச பேலஸ் பக்கத்த 2010 ஆகஸ்ட் 15ல தொறந்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல ஒபாமா இந்தியா வந்தப்போ மொதல்ல இங்கதான் தங்கினார். கீழ லாபில செத்துப்போன 31 பேருக்கு நினைவிடம் இருக்கு, பேருங்கள படிக்கலாம். வேல பாத்தவங்க பேரும் கெஸ்ட் பேரும் ஒன்னா இருக்கறது எனக்கு ரொம்ப சரியா பட்டுச்சு. அன்னைக்கு ஓட்டல் ஜெனரல் மேனேஜரோட மனைவியும் ரெண்டு பசங்களும் ஆறாவது மாடில செத்துட்டாங்க, அவர் கடைசி வரைக்கும் கெஸ்ட்டுங்கள வெளியேத்துற வேலைலயே இருந்தார். சமையல்காரங்க, சர்வருங்க எல்லாருக்கும் பின்வாசல் தெரியும், ஓடிப்போயிருக்கலாம், போகல. அந்த டோம்க்கு ஒரு மதிப்பு இருக்குன்னா இவங்களாலதான், கட்டினவரால மட்டும் இல்ல.

ஓட்டைய வச்சுக்கறதா மூடறதான்னு நாங்க சண்டையே போட்டோம். அவளுக்கு தாஜ் செஞ்சதுதான் சரி, எரிச்சவன் வேணும்னு கேட்டது எரிஞ்ச படத்த, அத நீ ஏன் காப்பாத்தி வைக்கணும்ங்கிறா. எனக்கு லியோபோல்ட். அவங்க கொஞ்ச நாள்லயே கடைய தொறந்துட்டாங்க, ஓட்டைய வச்சுக்கிட்டே சோறு போடுறாங்க, பீர் ஊத்துறாங்க, ஜனங்க அதுக்கு கீழயே உக்காந்து பொறந்தநாள் கொண்டாடுறாங்க. பயமுறுத்த போட்ட ஓட்டைக்கு கீழ ஒரு கொழந்த நூடுல்ஸ உறிஞ்சிட்டு இருந்தத நான் பாத்தேன். அதுக்கு மேல எனக்கு வாதம் பண்ண தெரியல. ஆனா அவ சொன்னதும் தப்புன்னு தோணல.

அப்புறம் இருட்டினதும் டாக்ஸி புடிச்சு சிஎஸ்டி. இப்போ முழுப்பேர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், பழசு விக்டோரியா டெர்மினஸ், டாக்ஸிக்காரருக்கு இன்னும் விடினுதான் சொன்னா புரியுது. 1888ல முடிஞ்ச கட்டடம், 2004ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய பட்டியல்ல சேந்துச்சு, ராத்திரி லைட் போட்டிருந்தாங்க, தாஜவிட அழகுனு நான் சொல்லுவேன், அரமனை மாதிரி இருக்கு ஆனா உள்ள போக ஒரு லோக்கல் டிக்கெட் போதும். சித்தப்பா சொன்ன மாதிரி லாங் டிஸ்டன்ஸ் ட்ரெயினுக்கு காத்திருக்க ஹால்ல போயி நின்னோம். மூட்டைய தலைக்கு வச்சு படுத்திருக்காங்க, கொழந்தைங்களுக்கு சப்பாத்தி பிச்சு ஊட்டுறாங்க, உத்தரப்பிரதேசம் பீகார் போற கூலி வேலக்காரங்க, ஒரு மூலைல நம்ம ஊர் குடும்பம் ஒன்னு சென்னை மெயிலுக்கு காத்திருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கசாப்பும் இன்னொருத்தனும் இந்த மாதிரி கூட்டத்துக்குள்ளதான் சுட்டாங்க. 58 பேர், நூறு பேருக்கு மேல காயம். மொத்தம் செத்த 166 பேர்ல ஒரே எடத்துல அதிகம் பேர் செத்தது இங்கதான், தாஜ்ல இல்ல. அதுல இந்துவும் உண்டு முஸ்லிமும் நெறைய பேர் உண்டு, டிக்கெட் எடுத்துட்டு ஊருக்கு போக காத்திருந்ததுதான் அவங்க செஞ்சது.

இத நெனைக்கும்போதுதான் எனக்கு அந்த டூர் பையன் மேல திரும்பவும் கோவம் வந்துச்சு. ஸ்டேஷனும் சின்னம்தான், வெள்ளக்காரன் கட்டினது, சிவாஜி பேர் வச்சது, நகரத்தோட மூச்சுக்குழல். ஆனா அவனுங்க இத எடுத்ததுக்கு காரணம் சின்னம் மட்டும் இல்ல, கூட்டமும்தான். டோம் படத்துக்கு, ஸ்டேஷன் எண்ணிக்கைக்கு. நாமளும் அவன் வச்ச வரிசைலயே பாத்துட்டு இருந்தோம், எரியற டோம மூணு நாள் பாத்தோம், 58 பேர ஒரு வரில கேட்டுட்டு விட்டுட்டோம். அன்னைக்கு ஸ்டேஷன் அறிவிப்பாளர் ஓடிப்போகாம மைக் முன்னாடியே உக்காந்து எந்தப்பக்கம் வெளியேறணும்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தார், அவர் குரல்ல தப்பிச்சவங்க எத்தன பேரோ. கைல லத்தியோட கிர்காவ் சௌபாத்தில கசாப்ப இறுக்கிப் புடிச்சுக்கிட்டு குண்ட வாங்கின போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளேக்கு அங்க சிலை இருக்கு, அடுத்த நாள் அங்கயும் போனோம். டூர்ல காட்ட வேண்டியது இதெல்லாம்.

போறவங்களுக்கு: லியோபோல்ட் 5க்கு 4.5, சில்லி சிக்கன் கண்டிப்பா, மதியம் போனா எடம் ஈஸியா கெடைக்கும். தாஜ் ஸீ லவுஞ்ச் 5க்கு 4, ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்க, லாபி நினைவிடத்த பாக்காம வராதீங்க. சிஎஸ்டிக்கு நான் மார்க் போட மாட்டேன். ஆனா முதல்ல அங்க போங்க, அவசரமா இருந்தாலும் ஒரு அர மணி நேரம் அந்த ஹால்ல நில்லுங்க, சாப்பாடு, டோம் எல்லாம் அப்புறம்.

நாங்க ஒன்பதே முக்காலுக்கு பன்வேல் லோக்கல் ஏறினோம். ஏறும்போதே சித்தப்பா போன், எங்கல இருக்கீய, ஸ்டேசன பாத்தியான்னார். பாத்தோம் சித்தப்பா, ட்ரெயின்ல கால் வைக்க எடம் இல்லன்னு சொன்னேன். சரி செம்பூர்ல எறங்கினதும் போன் போடு, சித்தி தோசைக்கு கல்ல போட்டுருவான்னு சொல்லிட்டு வச்சிட்டார்.